ஆர்ச்சி லாவர்ட்டி எரித்த பெட்டி

ரோவன் துறையில் பீப்பாய் செய்துகொண்டிருந்த ஆர்ச்சி லாவர்ட்டியை ஊரில் யாரும் கெட்டவன் என்று சொல்லமாட்டார்கள். அவன் செய்த மாவுப் பீப்பாய் சஸ்குவஹன்னா ஆற்றுப் பாறையில் முட்டி உருண்டாலும் ஒரு பிடி மாவு சிந்தாது. ஐந்து வயதில் அயர்லாந்தின் வடக்கிலிருந்து அம்மாவோடு கப்பலேறி வந்தவன். அம்மா வேதப் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்திருந்தாள். அதனால் நன்றாகவே வாசிப்பான், எழுதவும் எழுதுவான். கடல் கடந்து ஆண்ட ராஜாவோடு நடந்த சுதந்திரச் சண்டையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் காவல் நின்று, இடது காலில் இரண்டு விரலைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினான். கோயிலில் சங்கீதம் பாடும்போது அவன் குரல்தான் முதலில் எழும்பும். பெரிய கை, பெரிய குரல், யோசிப்பதற்கு முன்னால் சிரித்துவிடும் வாய்.

அந்தக் கை ஒருமுறையும் வாய் ஒருமுறையும் அவனை மாட்டிவிட்டன. வாய் செய்ததற்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. கை செய்ததற்கு யாரும் கொடுக்கவில்லை.

அதே ஊரில் மேட்டுத் தெருவில் ஜோசையா ஹார்க்னெஸ் குடியிருந்தார். வக்கீல். சுதந்திரம் அறிவித்த வருஷம் மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுதிய கூட்டத்தில் உட்கார்ந்தவர். பிறகு எல்லா மாநிலங்களும் கூடும் காங்கிரஸ் சபையிலும் இரண்டு வருஷம் இருந்தவர். நெட்டையான, ஒல்லியான மனிதர். யாரிடமும் தானாக வந்து பேசமாட்டார். அவர் பெயரை வெளியூரில் சொல்லிக்கொள்ள ஊருக்குப் பெருமை, ஆளைத்தான் பிடிக்காது. சண்டைக்காலத்தில் ஒரு மில்காரன் ராஜா பக்கம் சாய்ந்தவன் என்று சொல்லி அவனுடைய மில்லைப் பிடுங்க ஊரே திரண்டபோது, சாட்சி எங்கே, விசாரணை எங்கே என்று கேட்டுக் குறுக்கே நின்று தடுத்தவர் அவர். அவருடைய ஒரே மகன் மைல்ஸ் அந்த மாதம்தான் நியூயார்க் துறைமுகத்தில் ராஜாவின் சிறைக்கப்பலில் இறந்திருந்தான்.

"பையனைக் கொன்னவன் பக்கமே வக்கீலா நிக்கிறாரே, இவர் உடம்புல ஓடறது ரத்தமா இல்ல மையா?" என்று சத்திரத்தில் பேசிக்கொண்டார்கள். ஆர்ச்சியும் பேசினான். அந்த மை என்ற வார்த்தை அவனுடையதுதான் என்று சிலர் சொல்வார்கள்.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழில் பதின்மூன்று மாநிலங்களையும் ஒன்றாகக் கட்டும் புதிய அரசியல் சட்டம் வந்தது. துறையில் மாவு வியாபாரம் செய்த கர்னல் ஆம்ப்ரோஸ் பின்னிக்கு அது தேவலோகம் இறங்கி வந்த மாதிரி. ஒவ்வொரு மாநிலமும் ஒரு வரி, ஒரு நாணயம் என்று வைத்துக்கொண்டு அவருடைய படகுகளை மறித்த காலம் ஒழியப்போகிறது. கர்னலுக்கு மாவு போனால் ஆர்ச்சிக்குப் பீப்பாய் போகும். ஆர்ச்சி அந்தச் சட்டத்துக்குத் தன் தொண்டை முழுவதையும் கொடுத்தான்.

ஹார்க்னெஸ் ஒப்பவில்லை. கோயிலில் நடந்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து, அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணாச் சேர வேண்டாம்னு நான் சொல்லல. சேருவோம். ஆனா இதுல அரசாங்கம் என்னென்ன செய்யலாம்னு பக்கம் பக்கமா இருக்கு. என்ன செய்யக் கூடாதுன்னு இல்ல. மனுஷன் பேசறதைத் தடுக்கக் கூடாது, அச்சடிக்கறதைத் தடுக்கக் கூடாது, கும்பிடறதைத் தடுக்கக் கூடாது, உத்தரவில்லாம ஒருத்தன் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. இதை எழுதட்டும், கையெழுத்துப் போடறேன்."

கர்னல் பின்னி சிரித்தார். "ஆட்சிக்கு வரப்போறவங்க எல்லாரும் நம்ம சிநேகிதங்க ஐயா. நல்ல மனுஷங்க. அவங்க மேல சந்தேகமா?"

"நல்ல மனுஷங்க இருக்கும்போதே எழுதி வாங்கிக்குவோம் கர்னல். மோசமானவன் வந்து உட்கார்ந்தப்புறம் கேட்டா எழுதித் தருவானா?"

"மில்காரனுக்குப் பேசின வாய்தானே!" என்று பின்னாலிருந்து ஆர்ச்சி கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹார்க்னெஸ் சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றிருந்து, பிறகு உட்கார்ந்தார்.

அவருடைய ஓட்டு இல்லாமலே மாநிலம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோவன் துறையில் கொண்டாட்டம். கர்னல் ஒரு பீப்பாய் ரம் திறந்துவிட்டார். ஆற்றங்கரையில் தார்ப் பீப்பாய்களை அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். இரண்டு சுற்று உள்ளே போனதும் யாரோ ஒருவன், "மேட்டுத் தெருக்காரரையும் கூப்பிட்டு மூணு தடவை வாழ்க சொல்ல வைக்கணும்டா" என்றான். பன்னிரண்டு பேர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கிளம்பினார்கள். விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர்களில் ஒருவனான ஆர்ச்சியும் அப்படித்தான் நினைத்தான்.

ஹார்க்னெஸ் கதவைத் திறந்து அவர்களைப் பார்த்தார். அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது.

"எனக்குச் சம்மதமில்லாத ஒண்ணுக்கு நான் வாழ்க சொல்ல முடியாது. நீங்க சொல்லிக்குங்க, நான் தடுக்கல."

அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் ஒரு பீப்பாய் மேல் நிற்கவைத்தார்கள். தொப்பி விழுந்துவிட்டது. அவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் கூட்டத்துக்குக் கோபத்தை ஏற்றியது. "இவர் எழுதி வச்சிருக்கறதை எல்லாம் கொண்டாங்கடா" என்று கர்னல் சொன்னார். அந்த வீட்டுக்கு ஒரு வாரம் முன்புதான் ஒரு துவைக்கிற தொட்டி கொண்டுபோய்க் கொடுத்திருந்தான் ஆர்ச்சி. எந்த அறை என்று தெரியும். ஓடினான்.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஓக் பெட்டி. ஹார்க்னெஸின் மகள் டார்க்கஸ் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆர்ச்சி அவளை அடிக்கவில்லை. பிற்காலத்தில் அதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறான். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான், அவ்வளவுதான். கரி பூசிய அந்த முகம் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் ஹார்க்னெஸ் முதல்முறையாகப் பேசினார்.

"மத்ததெல்லாம் எரிச்சுக்குங்க. அடியில நீல நாடா கட்டின ஒரு கட்டு இருக்கு. அது என் பையன் எழுதின கடிதாசி. அதை மட்டும் குடுத்துடுங்க."

ஆர்ச்சி நின்றான். பெட்டி கனமாக இருந்தது. கீழே இறக்கிவைத்து, திறந்து, ஒரு கட்டை எடுத்துக் கொடுப்பது ஒரு நிமிஷ வேலை.

"நம்பாதே. மொத்த விஷமும் அந்தக் கட்டுலதான் இருக்கும்" என்றார் கர்னல்.

எல்லோரும் ஆர்ச்சியைப் பார்த்தார்கள். அவன் பெட்டியைப் போட்டான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி ஜேனட் அடுப்பில் சோளக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள்.

"நீயும் போனியா ஆர்ச்சி?"

"சும்மா தமாஷுக்குத்தான்."

"தமாஷா? அந்தப் பொண்ணு அலறினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. நல்லாத் தேய். காதுக்குப் பின்னாடியும் இருக்கு." பிறகு கூழைக் கிண்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்: "பெட்டியை யார் போட்டது?"

அவன் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டே இருந்தான். அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. கோயில் மணி அடிப்பதற்கு முன்பே ஆர்ச்சி ஆற்றங்கரைக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. ஹார்க்னெஸ் அங்கே இருந்தார். மண்டியிட்டு, ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆர்ச்சி பக்கத்தில் குனிந்து, வெறுங்கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அடியில் இன்னும் சூடு இருந்தது. இரண்டு விரல் கொப்புளித்தன. பெட்டியின் கீல்கள் கிடைத்தன. எழுத்தே இல்லாத ஒரு காகித ஓரம் கிடைத்தது. கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"லாவர்ட்டிதானே நீ?"

"ஆமா ஐயா."

"ரொம்ப நன்றி. இந்த ஊர்ல நீ ஒருத்தனாவது வந்தியே."

அதற்குப் பிறகு ஆர்ச்சியால் அந்த வீட்டைக் கடந்துபோக முடியவில்லை. கடக்க முடியாதவன் உள்ளே போக ஆரம்பித்தான். கேட்காமலே கிணற்று வாளியைச் சரிசெய்தான். ஆப்பிள் பிழியும் பருவத்தில் இரண்டு புதுப் பீப்பாய் கொண்டுபோய் வைத்தான். ஹார்க்னெஸுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. பிலடெல்ஃபியாவிலிருந்து செய்தித்தாள் வியாழக்கிழமை வரும். டார்க்கஸுக்கு வீட்டுவேலை சரியாக இருக்கும் என்பதால், ஆர்ச்சி உட்கார்ந்து படித்துக்காட்டுவான். இப்படி ஒரு வாரம் தொடங்கியது பத்து வருஷம் நடந்தது.

படிக்கும்போது கிழவர் இடையிடையே நிறுத்துவார். ஒரே ஆள் ஒரே பதவியில் உட்கார்ந்துகொண்டே இருந்தால் அந்த நாற்காலியைத் தன் தோல் என்று நினைத்துவிடுவான். வருஷா வருஷம் இறக்கி ஜனங்களோடு நிற்கவைக்க வேண்டும் என்பார். சண்டை இல்லாதபோது பட்டாளம் எதற்கு என்பார். ஒருவன் குற்றவாளியா இல்லையா என்பதை அவனைப் போலவே பன்னிரண்டு பேர் சொல்ல வேண்டுமே தவிர சம்பளம் வாங்கும் ஒருவன் சொல்லக் கூடாது என்பார். பன்னிரண்டு என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஆர்ச்சிக்குக் கரி பூசிய முகங்கள் ஞாபகத்துக்கு வரும்.

எண்பத்தொன்பதில் காங்கிரஸ் உரிமைகளின் பட்டியல் ஒன்றை எழுதியது. இரண்டு வருஷத்தில் அது சட்டமானது. பேச்சு, அச்சு, வழிபாடு, வீட்டுச் சோதனை, ஜூரி. கர்னல் பின்னி சத்திரத்தில் கோப்பையைத் தூக்கி, தான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் விரும்பியதாகச் சொன்னார். ஆர்ச்சி ஓட்டமாக ஓடி வந்து அந்தச் செய்தியைப் படித்துக்காட்டினான்.

"முதல் வரியை இன்னொரு தடவை படி" என்றார் ஹார்க்னெஸ். படித்தான். "நான் எழுதி வச்சிருந்தது இதைவிடக் கொஞ்சம் நீளம். பரவாயில்ல. இதுவே நல்லாருக்கு." பிறகு, "மைல்ஸ் இதைப் பார்த்திருக்கணும்" என்றார்.

மைல்ஸ் பேச்சு அடிக்கடி வரும். பதினேழு கடிதங்களும் தனக்கு மனப்பாடம் என்பார். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கப்பலின் அடித்தட்டில் காற்றுக்காக ஓட்டையில் முறை வைத்து மூக்கை நீட்டுவார்களாம். ரோட் தீவுக்காரன் ஒருவன் காய்ச்சலோடு பாடிக்கொண்டே இருப்பானாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் அம்மா சுடும் கோதுமை அப்பத்தின் மேல் சர்க்கரைப் பாகு ஊற்றினதாகக் கனவு கண்டேன் என்று எழுதியிருந்தானாம். ஆர்ச்சி தலை குனிந்து செய்தித்தாளை மடிப்பான், பிரிப்பான், மறுபடி மடிப்பான்.

"இன்னைக்காவது சொன்னியா?" என்று ஜேனட் வாசலிலேயே கேட்பாள்.

"சமயம் வாய்க்கல."

"பத்து வருஷத்துல ஐநூறு வியாழக்கிழமை. ஒண்ணுகூடவா வாய்க்கல? அவர் உன்னை நல்லவன்னு நினைக்கிறது உனக்கு இனிக்குது. அதான் சொல்லமாட்டேங்கிற."

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் அவனுக்குக் கோபம் வந்தது. ஒரு தடவை சொல்லிப் பார்க்கத்தான் செய்தான். "அன்னைக்கு அந்தப் பெட்டியை..." என்று ஆரம்பித்ததும் கிழவர் கையைத் தூக்கித் தடுத்துவிட்டார். "வந்தது யார் யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம் லாவர்ட்டி. தெரிஞ்சா இந்த ஊர்ல என்னால குடியிருக்க முடியாது." ஆர்ச்சிக்கு உயிர் வந்தது. அவரே வேண்டாம் என்றுவிட்டார், நான் என்ன செய்ய, என்று அதைப் பிடித்துக்கொண்டே நான்கு வருஷம் ஓட்டினான்.

தொண்ணூற்றெட்டில் புதிய சட்டம் ஒன்று வந்தது. அரசாங்கத்தையோ ஜனாதிபதியையோ கேவலமாக எழுதினால், பேசினால் சிறை. ஹார்க்னெஸ் அதைக் கேட்டபோது நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "உரிமைப் பட்டியலோட மை காயல, அதுக்குள்ளயா?" என்றார். அந்த வாரம் ஆர்ச்சி சத்திரத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஜனாதிபதிக்கு ராஜா மாதிரி நடக்க ஆசை என்று பேச்சு ஓடியது.

"கிரீடம் தலையில நிக்கலன்னா நம்ம பட்டறைக்கு வரச் சொல்லுங்கடா" என்றான் ஆர்ச்சி. "இரும்பு வளையத்தைக் காய்ச்சி மாட்டி, கொட்டாப்புளியால நாலு தட்டுத் தட்டி இறுக்கித் தரேன். அப்புறம் ஒரு சொட்டு மூளைகூட ஒழுகாது!"

சத்திரம் அதிர்ந்தது. மறுநாள் யாரோ அதை எழுதிச் சத்திரக் கதவில் ஒட்டிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் கர்னல் பின்னி எழுதிப் போட்டதன் பேரில் கைதுசெய்யும் அதிகாரியான மார்ஷல் குதிரையில் வந்து இறங்கினார். இருபது வருஷமாகத் தன் மாவைத் தாங்கிய பீப்பாய்க்காரனைக் கர்னல் தெருவில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிலடெல்ஃபியாவில் விஷக்காய்ச்சல் பரவிக்கிடந்ததால் வழக்கு அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. அதுவரைக்கும் ஆர்ச்சிக்குப் பிணை நிற்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. ஹார்க்னெஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்து தன் நிலத்தை எழுதிக் கொடுத்தார்.

"வழக்கையும் நானே பேசறேன்" என்றார் மார்ஷலிடம். "பல்லு போனாலும் நாக்கு இருக்கு."

ஜேனட் அன்று ஆர்ச்சியைத் திட்டவில்லை. அடுப்பங்கரையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஏப்ரலில் இருவரும் கோச்சு வண்டியில் பிலடெல்ஃபியாவுக்குக் கிளம்பினார்கள். லங்காஸ்டர் தாண்டி, குதிரை மாற்றும் இடத்தில் மத்தியானம் நிறுத்தினார்கள். தூறல். மற்றவர்கள் உள்ளே போய்விட, இருவரும் வெளியே கூரைக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டார்க்கஸ் கட்டிக் கொடுத்த ரொட்டியையும் பன்றி இறைச்சியையும் கிழவர் இரண்டாகப் பிரித்தார். பெரிய பங்கை ஆர்ச்சி பக்கம் தள்ளினார்.

"ஜூரிகிட்ட முதல்ல உன் குணத்தைச் சொல்லப்போறேன். ஊரே என்னைக் கைவிட்டப்ப சாம்பலைக் கிளற வந்த ஒரே ஆள் இவன்னு."

"அதைச் சொல்லாதீங்க ஐயா."

"ஏன், கூச்சமா?"

"பெட்டியைத் தூக்கிட்டு வந்தது நான்தான். போட்டதும் நான்தான்."

கிழவர் மெல்லுவதை நிறுத்தினார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீல நாடான்னு நான் கத்தினேனே. உன் காதுல விழுந்துச்சா?"

விழவில்லை என்று சொல்ல இடமிருந்தது. கூட்டம், சத்தம், ரம். பதினொரு வருஷமாக அந்தப் பொய்யை அவன் தயாராக வைத்திருந்தான்.

"விழுந்துச்சு ஐயா."

"விழுந்துமா?"

"விழுந்தும் போட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. போட்டுட்டேன்."

ஹார்க்னெஸ் தன் பங்கு ரொட்டியைத் துணியில் சுற்றினார். முடிச்சு விழவில்லை. ஆர்ச்சி உதவக் கையை நீட்டினான். அவர் துணியை மடியில் இழுத்துக்கொண்டார்.

"நீங்க திரும்பிப் போயிடுங்க ஐயா. என்ன தண்டனை குடுத்தாலும் நான் வாங்கிக்கிறேன். எனக்காக நீங்க வர வேண்டாம்."

"உனக்காகவா வரேன்னு நினைச்ச?" கிழவர் எழுந்தார். "பேச்சைத் தடுக்கக் கூடாதுங்கற அந்த வரி உனக்காக எழுதினதில்ல. எனக்குப் பிடிச்சவனுக்குன்னும் எழுதல. அதனால வரேன். ஆனா வழியில எங்கிட்ட பேசாதே."

வண்டி கிளம்பும்போது அவர் உள்ளே ஏறவில்லை. எழுபத்து நான்கு வயதில், அந்தத் தூறலில், வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பிலடெல்ஃபியா வரைக்கும் அப்படியே வந்தார். உள்ளே ஆர்ச்சி, தனக்குக் கொடுத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் முடியாமல் போடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

நீதிமன்றத்தில் ஹார்க்னெஸ் இரண்டு மணி நேரம் பேசினார். இருமல் நடுநடுவே வந்து மறித்தது. ஆர்ச்சியின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"ஜூரி பெரியவங்களே, இவன் சொன்னது பெரிய ஹாஸ்யம்னு நான் சொல்லமாட்டேன். இவன் நல்லவன்னும் சொல்ல வரல. நல்லவங்களுக்கு மட்டும்தான் பேச உரிமைன்னா, யார் நல்லவன்னு முடிவு பண்றவன்தான் ராஜா. ஒரு பீப்பாய்க்காரன் சத்திரத்துல அடிச்ச கேலியில சாய்ஞ்சுடும்னா அந்த அரசாங்கத்துல வேற ஏதோ கோளாறு இருக்கு. பதினொரு வருஷத்துக்கு முன்னால இந்த உரிமையை எழுதணும்னு கேட்டதுக்காக என் காகிதத்தை எல்லாம் என் ஊர்லயே எரிச்சாங்க. அப்புறம் அது நாட்டுச் சட்டத்துலயே ஏறிடுச்சு." அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "எரிச்சவனுக்கும் சேர்த்துத்தான் ஏறியிருக்கு. அவன் கையை நீங்க கட்டலாம், அவன் செஞ்சதுக்கு. வாயைக் கட்ட உங்களுக்கு அதிகாரம் இல்ல."

சொல்லும்போது ஆர்ச்சி நின்றிருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. ஆர்ச்சி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பயத்தில் அழுகிறான் என்று ஜூரி நினைத்தார்கள்.

குற்றவாளி என்றுதான் தீர்ப்பு வந்தது. இரண்டு மாதம் சிறை. ஹார்க்னெஸ் காகிதங்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, நீதிபதிக்குத் தலை வணங்கிவிட்டு, ஊருக்குத் திரும்பிவிட்டார்.

சிறையில் ஆர்ச்சிக்கு வசதிக்குறைவு அதிகமில்லை. ஜன்னல் இருந்தது, காற்று வந்தது. அந்தக் காற்று முகத்தில் படும்போதெல்லாம் ஓட்டையில் முறை வைத்து மூக்கை நீட்டியவர்களை நினைத்துக்கொள்வான்.

ஜூன் மாதம் விடுதலையாகி நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். அந்த ஞாயிறு, சங்கீதம் முடிந்ததும், போதகரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தபடி, சபைக்கு முன்னால் போய் நின்றான். பாவத்தை ஒத்துக்கொள்பவர்கள் நிற்கும் இடம் அது; பெரும்பாலும் குடிகாரர்கள்தான் நின்றிருக்கிறார்கள்.

"எண்பத்தெட்டாம் வருஷம் ஜனவரியில ஹார்க்னெஸ் ஐயா வீட்டுக்குள்ள புகுந்தேன். அவர் மக கையைப் பிரிச்சுப் பெட்டியை எடுத்தேன். செத்துப்போன பையன் கடிதாசி அதுல இருக்கு, குடுன்னு அவர் கேட்டார். கேட்டும் நெருப்புல போட்டேன். கூட யாரு இருந்தாங்கன்னு சொல்லமாட்டேன். அவங்கவங்களுக்குத் தெரியும்."

பெஞ்சுகளில் பல தலைகள் குனிந்தன. கர்னல் பின்னி எழுந்து வெளியே போனார். ஹார்க்னெஸ் தன் இடத்தில் அமர்ந்திருந்தார். கேட்டு முடித்ததும் அடுத்த சங்கீதத்தின் பக்கத்தைத் தடவித் தடவித் தேடினார். அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியாமல் போய் நாளாகியிருந்தது.

"இப்பத் தூக்கம் வருதா?" என்று ஜேனட் சில நாள் கழித்துக் கேட்டாள்.

"இல்ல."

"எனக்கு வருது" என்றாள் அவள். கொஞ்சம் பரிவாகத்தான் சொன்னாள்.

கர்னல் தந்துவந்த பீப்பாய் வேலை நின்றுபோயிற்று. ஆர்ச்சி பால் வாளியும் துவைக்கிற தொட்டியும் செய்து காலம் தள்ளினான். வியாழக்கிழமைதோறும் செய்தித்தாளை வாங்கி ஹார்க்னெஸ் வீட்டு வேலிப்படலில் செருகிவிட்டு வருவான். டார்க்கஸ் எடுத்துக்கொள்வாள். உள்ளே வா என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. அவனைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் ஆயிரத்து எண்ணூற்று ஒன்றில் காலாவதியானபோது, அந்தச் செய்தி இருந்த பத்தியைச் சுற்றிக் கரியால் கோடு போட்டுச் செருகினான். வேலிக்கு வெளியே சற்று நேரம் நின்றான். ஜன்னலுக்குள் டார்க்கஸ் படிக்கும் குரல் கேட்டது. வேறு குரல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஹார்க்னெஸ் இறந்துபோனார். ஆர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஆர்ச்சி காகிதம் வாங்கினான். வியாழக்கிழமைகளில் கேட்ட கடிதங்களை நினைவுக்குக் கொண்டுவந்து எழுத ஆரம்பித்தான். பீப்பாய்ப் பலகையை இழைக்கும்போது ஒரு வரி ஞாபகம் வந்தால், இழைப்புளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் எழுதுவான். ஒரு வருஷம் ஆயிற்று. பதினேழில் பதினொன்று தேறியது. அதை எடுத்துக்கொண்டு போய் டார்க்கஸின் வாசலில் நின்றான்.

அவள் அங்கேயே நின்று படித்தாள். தலையில் அவளுக்கும் நரை வந்திருந்தது. மூன்றாவது தாளில் நிறுத்தினாள்.

"இந்தக் கனவு, அப்பத்துல பாகு ஊத்தின கனவு. இது அப்பா சொன்னதா?"

"ஆமா. பல தடவை சொல்லியிருக்கார்."

"என் தம்பி இதை எழுதல." அவள் இன்னும் இரண்டு தாளைப் புரட்டினாள். "இந்தப் பாட்டுக்காரன் இருந்தான். உண்மை. ஆனா இது, இது... இது எதுவும் அவன் எழுதினதில்ல. எனக்கு அந்தக் கடிதாசி எல்லாம் தெரியும். சின்னச் சின்னக் கடிதாசி. சட்டை அனுப்புங்க, நலமா இருக்கேன், அவ்வளவுதான் இருக்கும்."

"அப்ப ஐயா..."

"வருஷம் போகப் போக அப்பாவுக்கு மறந்துபோச்சு. எடுத்துப் பார்க்கக் காகிதம் இல்ல. அவரா சேர்த்துக்கிட்டார் போலிருக்கு. அது எனக்கே இப்பத்தான் தெரியுது."

ஆர்ச்சி அந்தத் தாள்களைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும். அப்பா சொன்னதுதானே" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஆர்ச்சி லாவர்ட்டி இருபது வருஷம் இருந்தான். ஜூலை நான்காம் தேதி ஊரில் நெருப்பு மூட்டும்போதெல்லாம் பட்டறையைப் பூட்டிக்கொண்டு, சத்தம் கேட்காத தூரத்துக்கு ஆற்றோரமாக நடந்து போய்விடுவான். எந்தக் கூட்டத்திலும் சேர்ந்து கத்தவில்லை. ஓட்டுப்போடும் நாளில் மட்டும் முதல் ஆளாகப் போய் நிற்பான். அறுபத்தொன்பதாம் வயதில், ஒரு மார்ச் மாதம், மார்பில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு டார்க்கஸ் ஹார்க்னெஸ் வந்திருந்தாள். எல்லோருக்கும் பின்னால் நின்றாள். மண் போடும் முன்பே கிளம்பிப் போய்விட்டாள்.